பட்டன் போனில் ப்ரீபெய்டு சிம்: பணமும் எண்ணும் வீணாகாமல் இருக்க

வீட்டுப் பெரியவர்களுக்காகவோ, அவசரத்துக்கான இரண்டாவது எண்ணுக்காகவோ பட்டன் போன் வாங்குபவர்கள், இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். போஸ்ட்பெய்டில் ஏதேனும் தவறு நடந்தால் மாத பில்லில் தெரிந்துவிடும். ப்ரீபெய்டிலோ, அவசரமாக ஒருவரை அழைக்கும்போது பேலன்ஸ் இல்லை என்ற குரல் கேட்ட பிறகுதான் பெரும்பாலும் தெரிய வருகிறது.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, அந்த போன் எந்த நெட்வொர்க்கில் வேலை செய்யும் என்பதைத்தான். சிங்கப்பூரில் 2017இல் 2ஜி சேவை நிறுத்தப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 2024இல் 3ஜியும் மூடப்பட்டது. இப்படி மூடப்பட்ட இடங்களில், பெட்டியில் 4ஜி என்று அச்சிட்டிருப்பது மட்டும் போதாது. அழைப்புகள் 4ஜி வழியாகச் செல்ல வோல்ட்டி (VoLTE) வசதி இருக்க வேண்டும். அது உங்கள் சேவை நிறுவனத்தின் நெட்வொர்க்கிலும் இயங்குமா என்று கேட்டுக்கொண்ட பிறகே பணம் கொடுக்கலாம்.

சிம் பொருத்தும் முன் போனை அணைத்து, பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள். பொன்னிறத் தகடு கீழ்நோக்கியும், வெட்டிய மூலை அங்குள்ள படத்தில் காட்டியபடியும் இருந்தால் சிம் தானாக உள்ளே வழுக்கிச் செல்லும். பழைய வகை போன்களில் 25க்கு 15 மில்லிமீட்டர் அளவுள்ள பெரிய சிம்முக்குத்தான் இடம் இருக்கும் என்பதால், இன்றைய நானோ சிம்முக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம் தேவைப்படும். சிம் இல்லாத வெறும் சட்டத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் உள்ளே தள்ளாதீர்கள். உள்ளிருக்கும் மெல்லிய கம்பிகள் அதில் சிக்கி, இழுக்கும்போது ஒடிந்துவிடும்.

சிம்முக்கு பின் (PIN) எனும் ரகசிய எண் போட்டிருந்தால், மூன்று முறை தவறாக அடித்ததும் அது பூட்டிக்கொண்டு, பூட்டைத் திறப்பதற்கான 8 இலக்க பக் (PUK) எண்ணைக் கேட்கும். அதை ஊகித்து அடித்துப் பார்க்கவே கூடாது, ஏனெனில் பத்தாவது தவறோடு அந்த சிம் நிரந்தரமாகச் செத்துவிடும். சிம் ஒட்டியிருந்த அட்டையில் பெரும்பாலும் பக் எண் அச்சிடப்பட்டிருக்கும். பிரித்த கையோடு அந்த அட்டையைக் குப்பையில் போடுவதுதான் நம் வழக்கம். அதைப் பத்திரப்படுத்தி, அதன் பின்புறத்தில் *#06# அடித்தால் திரையில் வரும் 15 இலக்க ஐஎம்இஐ (IMEI) எண்ணையும், அதாவது போனின் அடையாள எண்ணையும் எழுதி வையுங்கள். போன் திருடு போனால் புகார் கொடுக்க அது உதவும்.

பேலன்ஸ் பார்க்கும் குறியீடு நட்சத்திரத்தில் தொடங்கி ஹேஷில் முடியும். நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். திரையில் தோன்றும் பதில் எஸ்எம்எஸ்ஸாகச் சேமிக்கப்படுவதில்லை, மூடினால் போய்விடும். அதில் இரண்டு விவரங்கள் இருக்கும்: மீதிப் பணம் ஒன்று, வேலிடிட்டி முடியும் தேதி மற்றொன்று. பணத்தைப் பார்த்துவிட்டுத் தேதியைக் கவனிக்காமல் விடுபவர்களே அதிகம். பல திட்டங்களில் பணம் மீதமிருந்தாலும் தேதி கடந்துவிட்டால் அழைக்க முடியாது என்பதால், அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக அதே போனில் ஒரு அலாரம் வைத்துவிடலாம்.

எஸ்எம்எஸ் கட்டணத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள் அடங்கும். தமிழிலோ 70 குறிகள்தான். குறி வேறு, நாம் எண்ணும் எழுத்து வேறு. 'அம்மா' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. ஆனால் அ, ம, புள்ளி, ம, கால் என்று போன் அதை ஐந்தாகவே எண்ணும். 70ஐத் தாண்டினால் செய்தி துண்டாகி, ஒவ்வொரு துண்டிலும் 67 குறிகள் மட்டுமே அடங்கும் என்பதால், 71ஆவது குறியிலேயே இரண்டு செய்திக்கான கட்டணம் விழும். 150 எழுத்துகளில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைச் சேர்த்தாலும் முழுச் செய்தியும் தமிழ்க் கணக்குக்கு மாறி, மூன்று துண்டாகிவிடும். தட்டச்சு செய்யும்போது திரையின் மூலையில் குறைந்துகொண்டே வரும் எண்ணைக் கவனித்தால் இது புரியும்.

பணம் காணாமல் போகும் இன்னொரு வழி நடுவிலுள்ள ஓகே பட்டன். ஜோக், ஜாதகம், பாட்டு என்று திடீரெனத் திரையில் முளைக்கும் அறிவிப்பை, மறையட்டும் என்று நினைத்து ஓகே அழுத்தினால், சில சமயம் அது கட்டணச் சேவைக்கான சம்மதமாகிவிடுகிறது. என் தாயாரின் போனில் இரண்டு மாதங்களாகப் பேலன்ஸ் கரைந்ததற்குக் காரணம் இதுதான். சிவப்புப் பட்டனை அழுத்தி வெளியேறப் பழக்கிய பிறகு நின்றது. ஒரே ரிங்கில் துண்டிக்கப்படும் அறியாத வெளிநாட்டு எண்ணைத் திரும்ப அழைக்கவும் வேண்டாம். அப்படி அழைக்க வைத்து, கூடுதல் கட்டணம் பிடுங்குவதே அந்த மிஸ்டு காலின் நோக்கமாக இருக்கலாம்.

பெயர்களை சிம்மில் சேமித்தால் போன் மாற்றும்போது கூடவே வரும்; ஆனால் பல சிம்களில் 250 பெயர்களுக்கு மேல் இடமிருக்காது. போனே தொலைந்தால் போனில் உள்ளவையும் சிம்மில் உள்ளவையும் சேர்ந்தே போய்விடும் என்பதால், முக்கியமான பத்து எண்களையாவது தாளில் எழுதி வையுங்கள்.

பேட்டரி சந்தேகமாக இருந்தால், கழற்றி மேசை மீது தட்டையாக வைத்துச் சுண்டிப் பாருங்கள். பம்பரம்போல் சுழன்றால் அது உப்பிவிட்டது என்று பொருள், உடனே மாற்றிவிடுங்கள். அலமாரியில் போட்டு வைக்கும் போனாக இருந்தால் பாதி சார்ஜில் அணைத்து வைப்பது பேட்டரிக்கு நல்லது.

ஆனால் சிம்மை அப்படித் தூங்க விட முடியாது. ரீசார்ஜும் அழைப்பும் இன்றி நீண்ட நாள் கிடந்தால் நிறுவனம் அந்த எண்ணைத் திரும்பப் பெற்று வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். வங்கிக் கணக்கில் அதே எண் பதிவாகியிருந்தால் ஓடிபி அந்தப் புதியவருக்குப் போய்ச் சேரும். ஆகவே கெடு எத்தனை நாள் என்று நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டு, அதற்குள் ஒரு முறையாவது அந்த எண்ணிலிருந்து பேசிவிடுங்கள். எண்ணைக் கைவிடுவதாகவே முடிவு செய்தால், முதலில் வங்கியில் எண்ணை மாற்றுங்கள். சிம்மை அதன் பிறகு தூக்கிப் போடலாம்.