செவ்வாய்க்கிழமை கிண்டிக்குப் போகாதீர்கள்

அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் போன அன்று வாசல் மூடிக் கிடந்தது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. வண்டலூரிலும் அதே கதைதான். லீவு விட்டதும் பிள்ளைகளுக்கு மானைக் காட்டக் கிளம்புகிறவர்கள் கிழமை பார்ப்பதில்லை. கல்யாணத்துக்கு அத்தனை நாள் பார்க்கிற ஊர், பூங்காவுக்கும் கொஞ்சம் பார்க்கலாம்.

கிழமையை விட அதிகம் பேர் கோட்டைவிடுவது நேரத்தில். சென்னையில் பூங்கா என்பது காலைக்கும் மாலைக்குமான இடம். மே மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு, அரை டிராயரோடு தகரச் சறுக்கில் உட்கார்ந்த பிள்ளை போடும் அலறலை ஒருமுறை கேட்டவர்கள் அப்புறம் அந்த நேரத்தில் போக மாட்டார்கள். வேறு வழியில்லை என்றால், நீங்கள் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளையை ஏற்றுங்கள். கோடை மாலை எப்படி இருக்கும் என்பது கடல்காற்றின் கையில் இருக்கிறது. அது முதலில் மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவைத் தொட்டுவிட்டு, அப்புறம்தான் அண்ணா நகர் டவர் பூங்கா வரைக்கும் போகும். மேற்கேயிருந்து அனல்காற்று ஓங்கி அடிக்கிற நாளில் கடல்காற்று உள்ளே வரவே நேரமாகும். அன்றைக்கு ஆறு மணி வரை மொட்டைமாடிகூடக் கொதிக்கும், பூங்கா மட்டும் எப்படி இருக்கும்? இருட்டத் தொடங்கினால் கொசு வேறு. முழுக்கால் உடை போட்டுக்கொண்டு போவது புத்திசாலித்தனம்.

நிழலுக்கு எல்லோரும் தேடுவது தூங்குமூஞ்சி மரத்தை. குடை விரித்த மாதிரி நிற்கும், பொழுது சாய்ந்தால் இலையை மடக்கிக்கொள்ளும், பார்க்கவே அழகு. ஆனால் காற்றோடு மழை பிடித்துக்கொண்டால் அதன் அடியில் ஒதுங்காதீர்கள். கிளைகள் சட்டென்று முறியும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சாய்த்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

மழை விட்ட மறுநாள் போனால் சில பூங்காக்களில் தண்ணீர் நிற்கும். பார்த்தவுடன் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பவர்கள் உண்டு. அது ஸ்பாஞ்ச் பார்க் என்றால், மழைத்தண்ணீர் தேங்கி நிலத்துக்குள் இறங்கட்டும் என்று வேண்டுமென்றே வெட்டிய பள்ளம் அது. இரண்டு நாளில் வற்றிவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கூப்பிடலாம்.

நடைபாதைக்கு எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. எல்லோரும் ஒரே திசையில் சுற்றுவார்கள். விவரம் தெரியாமல் எதிர்ப்பக்கமாக நடந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அதே மாமாவின் முறைப்பை இரண்டு தடவை வாங்கிக்கொள்ள வேண்டும். எட்டு வடிவப் பாதையில் இன்னும் மோசம்: நடுவில் இரண்டு வளைவும் சந்திக்கிற இடத்தில் போனைப் பார்த்துக்கொண்டே வருகிறவர் யார்மீதாவது மோதாமல் போக மாட்டார். மூன்று பேர் கைகோத்துக்கொண்டு குடும்பக் கதை பேசியபடி நடப்பதும் தவறுதான். ஆனால் அதை எங்கள் பேட்டையில் யாரும் நிறுத்தப்போவதில்லை.

கிண்டியில் புள்ளிமானும் குரங்கும் கிட்டே வரும். சிப்ஸை நீட்டாதீர்கள், பாக்கெட்டையும் அங்கே போடாதீர்கள். உப்பு வாசனைக்காக மான் அந்தப் பிளாஸ்டிக்கையே மென்றுவிடும். விழுங்கினால் அது வயிற்றிலேயே தங்கி இரையை அடைக்கும். குரங்கோ, ஒருமுறை கொடுத்துப் பழக்கினால் அடுத்து வருகிற குழந்தையின் கையிலிருந்து பிடுங்கும்.

இன்னொன்று, பூங்கா என்றாலே கதீட்ரல் சாலைதான் என்று நினைப்பது. பழைய டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஓட்டல் இருந்த இடத்தில் 2010-ல் திறந்த செம்மொழிப் பூங்காவும், எதிரே 2024 அக்டோபரில் வந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் ஞாயிறு மாலை அங்கே வண்டி நிறுத்தவும் டிக்கெட்டுக்கும் படும் பாட்டில் பாதிப் பொழுது போய்விடும். வாரநாளில் போங்கள்.

பெரிய மனைப்பிரிவு போடும்போது பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது விதி. உங்கள் தெருமுனையில் நாலு பெஞ்சும் ஓர் ஊஞ்சலுமாக இருக்கும் பூங்கா அநேகமாக அப்படி வந்ததுதான். கேட்டில் தொங்கும் பலகையில் நேரம் எழுதியிருக்கும். நாளைக்குப் பால் வாங்கப் போகும்போது ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்.