சிறிய கடைக்கு மனிதவள முகாமைத்துவம்: ஊழியர் சேர்ந்த முதல் நாளிலிருந்து என்ன செய்ய வேண்டும்?

வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதத்தான் சேர்ந்தேன். ஒரு வருடம் போனதும் முதலாளி ஐயா, “பிள்ளை, ஆக்கள்ட விஷயத்தையும் நீரே பாரும்” என்று பதினேழு பேரின் ஃபைல்களைத் தூக்கித் தந்தார். பலருடைய ஃபைலில் அடையாள அட்டைப் பிரதி ஒன்றைத் தவிர வேறொன்றும் இல்லை. அதிலிருந்து நான் படித்து, பிழைவிட்டு, திருத்திய ஒழுங்கைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆள் தேடுவது, நேர்முகம் செய்வது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆள் கடைக்குள் கால் வைத்த பிறகு நடக்கவேண்டியதை மட்டும் பார்ப்போம்.

படி 1: நியமனக் கடிதம்

இலங்கையில் கடை, அலுவலக ஊழியர்களுக்கென்று 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன்படி வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்கவேண்டும். பதவி, தொடங்கும் திகதி, அடிப்படைச் சம்பளம், கொடுப்பனவுகள் தனித்தனியாக, சம்பள நாள், வேலை நேரம், லீவு, விலகுவதென்றால் எத்தனை நாள் முன்னறிவித்தல் என்று எல்லாம் வரட்டும். வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் போனால் மேலதிக நேரம், ஒன்றரை மடங்கு.

கடிதத்தை அவர் வாசிக்கும் மொழியிலேயே எழுதுங்கள். எங்கள் கடையில் ஹட்டன் பிள்ளைகளும் இருக்கிறார்கள், மட்டக்களப்புப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், சிங்களப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். முன்பு எல்லோருக்கும் ஆங்கிலத்தில் ஒரே கடிதம்தான். கையெழுத்துப் போட்டார்களே தவிர, உள்ளே என்ன இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது. இப்போது தமிழிலும் சிங்களத்திலும் வைத்திருக்கிறேன். பக்கத்தில் இருத்தி ஒருமுறை வாசித்துக் காட்டுகிறேன், பத்து நிமிடம்தான் போகும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

படி 2: சேமலாப நிதி (நான் தடுக்கி விழுந்த இடம்)

ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF, ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்பு) ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) முதலாளி மட்டும் 3 சதவீதம். இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். எந்த நாளிலிருந்து, எந்தத் தொகையில் என்பதில்தான் பிழை நடக்கிறது.

எங்கள் கடையில் முதல் மூன்று மாதம் தகுதிகாண் காலம். அது முடிந்து ஆளை நிரந்தரமாக்கிய பிறகே சேமலாப நிதி தொடங்கும் வழக்கம் இருந்தது. நானும் அதையே தொடர்ந்தேன். ஒருநாள் பின்னேரம் ஓர் அம்மா வந்தார். எங்களிடம் எட்டு மாதம் வேலைசெய்து விலகிய பிள்ளையின் தாய். கையில் நாலாக மடித்த கணக்குக் கூற்று. “மிஸ், எட்டு மாசம் வேலை செஞ்சான். இதுல அஞ்சு மாசந்தான் இருக்கு” என்று விரலை வைத்துக் காட்டினார். கோபப்படவில்லை. மிச்சம் எங்கே என்று மட்டும்தான் கேட்டார்.

அன்றிரவு சட்டத்தை எடுத்து வாசித்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே கட்டவேண்டும். தகுதிகாண் காலம், தற்காலிகம், பயிற்சி, நாட்கூலி எதுவும் விதிவிலக்கு இல்லை. அந்த மூன்று மாதத்தையும், பிந்தியதற்கான மேலதிகக் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டினோம். அந்தக் கட்டணம் 5 சதவீதத்தில் தொடங்கி, பிந்தப் பிந்த 50 வரை ஏறும். பிள்ளையின் பங்கான 8 சதவீதத்தையும் கடையே கட்டியது. ஐயா அதில் ஒரு சொல்லும் மறுத்துச் சொல்லவில்லை. பிறகு மற்றப் பதினாறு பேரின் கணக்கையும் முதல் நாளிலிருந்து திறந்து பார்த்தோம்.

அடுத்த பிழை தொகையில் நடப்பது. அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் கணக்குப் போடுவார்கள். உணவுக் கொடுப்பனவு, வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு, கமிஷன் எல்லாம் சேரவேண்டும். மேலதிக நேரக் காசு சேராது. ஓர் உதாரணம்:

அடிப்படை 35,000, உணவு 5,000, மேலதிக நேரம் 4,200 ரூபாய். நிதிக்குரிய தொகை 40,000. ஊழியரிடம் கழிப்பது 3,200. முதலாளி சேர்ப்பது 4,800. நம்பிக்கை நிதிக்கு 1,200. ஊழியர் கைக்குப் போவது 41,000. கடைக்கு மொத்தச் செலவு 50,200.

அடிப்படைக்கு மட்டும் போட்டிருந்தால் அந்த ஊழியரின் சேமலாபக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் குறைந்திருக்கும். பத்து வருடத்துக்கு எவ்வளவென்று பாருங்கள், வட்டி வேறு. ஒரு மாதத்துக் காசை அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் கட்டிவிடவேண்டும். நான் 15 ஆம் திகதிக்கு மேல் வைத்திருப்பதில்லை.

பதிவு செய்யும்போது பெயரை அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்துக்கெழுத்து எழுதுங்கள். கடையில் ‘ராஜா’ என்று கூப்பிடும் ஆளின் அட்டையில் வேறு நீண்ட பெயர் இருக்கும். இதில் பிசகினால் பின்னுக்குக் காசை எடுக்கப்போகும்போது நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்துக்கும் கடைக்கும் அலையப்போவது அவர்தான்.

படி 3: வரவும் லீவும்

வரவுக்கு விரலடையாள இயந்திரத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். நாள் முழுக்கத் துணிக்கட்டும் பெட்டியும் தூக்கும் கைகளின் ரேகையை அது பல தடவை வாசிக்காது. காலையில் வரிசையில் நின்று விரலைத் தேய்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஒரு சீஆர் கொப்பி, வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. மாதக் கடைசியில் எக்செல்லில் ஏற்றுவேன். இருபது பேருக்குள் என்றால் விலைகொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை.

லீவு: வருடாந்தம் 14 நாள், அமய லீவு (திடீர்த் தேவைக்கு எடுப்பது, casual leave) 7 நாள். வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு. போயா (பௌர்ணமி விடுமுறை) அன்று வேலைக்குக் கூப்பிட்டால் ஒன்றரை நாள் சம்பளம்.

படி 4: எச்சரிக்கையும் விலக்கலும்

பிழை செய்தால் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். கடை நடுவில் வைத்து ஏசுவதால் ஒன்றும் நடக்காது, ஃபைலிலும் ஒன்றும் இருக்காது. 15 பேரோ அதற்கு மேலோ இருந்தால், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதற்கு அவருடைய எழுத்துச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். இது 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம். “நாளையிலிருந்து வராதே” என்பதெல்லாம் செல்லாது.

படி 5: பணிக்கொடை

பணிக்கொடை என்பது விலகும் ஊழியருக்குக் கடை கொடுக்கும் தொகை. ஐந்து வருடம் பூர்த்தியானவருக்கு, அவர் தானாக விலகினாலும், ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். கடைசிச் சம்பளம் 40,000, ஏழு வருட சேவை என்றால் 1,40,000 ரூபாய். விலகி 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும். விலகுவதற்கு முந்திய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் 15 பேர் இருந்திருந்தாலே இந்தக் கடமை வந்துவிடும். மாதாமாதம் ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். எங்கள் கடையில் பண்டிகைக் கொள்முதலும் பணிக்கொடையும் ஒரே மாதத்தில் விழுந்து ஐயா கடன்பட நேர்ந்தது.

பிற்சேர்க்கை: “ஒக்டோபரில் சேர்ந்தவருக்கு எத்தனை நாள் லீவு?” என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். மேலே சொன்ன 14 முழுதாக எல்லோருக்கும் வராது, அதை அங்கேயே சொல்லியிருக்கவேண்டும். முதல் வருடத்தில், அதாவது சேர்ந்த ஆண்டின் டிசம்பர் வரை, வருடாந்த லீவு இல்லை. அடுத்த ஜனவரியில் தொடங்கும் இரண்டாம் வருடத்தில், முந்திய ஆண்டு ஜனவரி முதல் மார்ச்சுக்குள் சேர்ந்தவருக்கு 14, ஏப்ரல் முதல் ஜூன் 10, ஜூலை முதல் செப்டெம்பர் 7, ஒக்டோபருக்குப் பிறகு 4. மூன்றாம் வருடத்திலிருந்து எல்லோருக்கும் 14. அமய லீவு முதல் வருடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள். இந்தப் பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்து, பிள்ளைகள் சாப்பிடும் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். லீவு கேட்க வருபவர்கள் இப்போது தங்கள் மிச்சக் கணக்கைத் தாங்களே சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.