துருக்கிக்குக் குழு அழைத்துப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி தன் முதல் துருக்கிக் குழுவுக்கான பயணத் திட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றார். எட்டு நாள், இருபத்திரண்டு பேர், இஸ்தான்புல்லில் தொடங்கி இஸ்தான்புல்லிலேயே முடிகிறது. படிக்கப் படிக்க, என் முதல் குழுவுக்கு நான் போட்ட திட்டத்தையே யாரோ தேடி எடுத்து அனுப்பியது போல இருந்தது. அதே ஊர்கள், அதே வரிசை, ஆறாம் நாளில் நான் விழுந்த அதே பள்ளம். அதற்கு இரண்டு வாரம் முன்னால் இன்னொருவர் அனுப்பியதும் கிட்டத்தட்ட இதுதான். அதனால் தம்பிக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்து எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

விசா, குளிருக்குத் துணி, லிராவை எங்கே மாற்றுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கிழமை பார்க்காமல் தேதி போடுவது

தோப்காப்பி அரண்மனைக்குச் செவ்வாய் விடுமுறை, தொல்மாபாச்சே அரண்மனைக்குத் திங்கள், இஸ்தான்புல்லின் பெரிய மூடு சந்தைக்கு ஞாயிறு, வெள்ளி மதியத் தொழுகை நேரத்தில் மசூதிகளுக்குள் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை.

பலூனைக் கடைசிக் காலைக்கு வைப்பது

கப்படோக்கியாவில் வெப்பக்காற்றுப் பலூனில் ஏறுவதை அங்கே தங்கும் முதல் காலைக்கே போடுங்கள். காற்று சரியில்லை என்று அன்று விடிகாலையில்தான் நிறுத்துவார்கள், அப்போது கையில் இன்னொரு காலை மிச்சம் இருக்க வேண்டும்.

நாமே விளக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பது

நிறையப் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு வருகிற ஆசை இது. எனக்கும் இருந்தது. சுல்தானாமெட் சதுக்கத்தில் என் ஆட்களை வட்டமாக நிறுத்தி, 532-ல் நிக்கா கலவரத்தில் பழைய தேவாலயம் எரிந்துபோனதையும், பேரரசர் ஜஸ்டினியன் அதே இடத்தில் ஐந்தே வருஷத்தில், இப்போது மசூதியாக இருக்கும் அயாசோஃபியாவைக் கட்டி முடித்ததையும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவர் வந்து வழிகாட்டி அட்டை எங்கே என்று கேட்டார். அட்டை இல்லை. துருக்கியில் சுற்றுலா வழிகாட்டி என்பது உரிமம் பெற்றுச் செய்யும் தொழில், 2012-ல் அதற்கென்றே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள், உரிமம் இல்லாமல் விளக்கினால் அபராதம். அன்று எச்சரித்து விட்டுவிட்டார்கள், ஆனால் என் குழுவின் முன்னால் நான் நின்ற நிலை எனக்குத்தான் தெரியும்.

உரிமம் உள்ள வழிகாட்டி பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லுங்கள். உங்களைவிட அவருக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்கும். அயாசோஃபியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரி முதல் வெளிநாட்டுப் பயணிகளுக்கு 25 யூரோ கட்டணத்தில் மேல்மாடம் மட்டும்தான், கீழ்த்தளம் தொழுகைக்கு. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், "இவ்வளவு தூரம் வந்து உள்ளே விடவில்லையே" என்று குழுவில் பாதிப் பேர் முகம் வாடிவிடும். நல்ல வழிகாட்டி என்றால், புகழ்பெற்ற மொசைக்குகள் இருப்பதே அந்த மேல்மாடத்தில்தான் என்று காட்டுவார். பளிங்குக் கைப்பிடிச் சுவரில் வைக்கிங் வீரன் ஒருவன் ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்தில் கீறிவைத்த பெயரைத் தேடிக் காண்பிப்பார். ஏமாந்துவிட்டோம் என்று படியேறியவர்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டு இறங்குவார்கள்.

குழுவின் நேரத்தைக் கடைகளுக்கு விற்பது

இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் குழுவுக்கு துருக்கியில் ஓட்டல், பஸ், வழிகாட்டி எல்லாம் ஏற்பாடு செய்துகொடுக்கும் மூன்று லேண்ட் ஆபரேட்டர்களிடம் விலை கேட்டேன். இரண்டு பேர் சொன்ன விலை ஏறக்குறைய ஒன்றுதான். மூன்றாமவர் மட்டும் அதே நான்கு நட்சத்திர ஓட்டல்கள், அதே பஸ், அதே சாப்பாட்டுக்குத் தலைக்கு ரொம்பவும் குறைத்துச் சொன்னார். உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால், அறை வாடகையும் டீசலும் வழிகாட்டிக்கான நாள் சம்பளமும் அந்தத் தொகைக்குள் அடங்காது என்று தெரிந்திருக்கும். போடவில்லை. விலையைக் குறைத்து விளம்பரம் செய்தேன், குழு ஒரே வாரத்தில் நிரம்பிவிட்டது, எனக்கு அது பெரிய வெற்றியாகத் தெரிந்தது.

அந்தக் குறைந்த பணத்தை யார் கட்டுகிறார்கள்? கடைகள் கட்டுகின்றன. கம்பளக் கடை, தோல் கோட்டுக் கடை, நகைக் கடை, ஓனிக்ஸ் கல் பட்டறை. உங்கள் ஆட்கள் வாங்குவதில் ஒரு பங்கு கமிஷனாக ஆபரேட்டருக்கும் வழிகாட்டிக்கும் போகிறது. துருக்கியில் வழிகாட்டிகளுக்கான குறைந்தபட்ச நாள் கூலியை ஒவ்வொரு வருஷமும் பண்பாடு சுற்றுலா அமைச்சகம் அறிவிக்கிறது, ஆனால் மலிவான பயணங்களில் அதைக் குறைத்துக்கொடுத்து, மீதியைக் கடையில் பார்த்துக்கொள் என்று விட்டுவிடுகிறார்கள். வரலாறு படித்துத் தேர்வு எழுதி உரிமம் வாங்கிய மனிதர், தன் வீட்டு வாடகைக்காக உங்கள் குழுவைக் கோட்டுக் கடைக்குள் ஓட்டிப் போக வேண்டியிருக்கிறது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

பழைய ரோமானிய நகரத்தின் இடிபாடுகள் இருக்கும் எபேசுக்கு நாங்கள் போன நாள் இப்படிப் போனது. குஷாதாசியில் தங்கியிருந்தோம், அங்கிருந்து எபேசு அரை மணி நேரம்கூட இல்லை. காலை எட்டரைக்குக் கிளம்பிய பஸ் தோல் கடையில் நின்றது. ஆப்பிள் டீ, சத்தமான பாட்டு, இளம் பெண்களும் பையன்களும் கோட்டு மாட்டிக்கொண்டு நடந்து காட்டினார்கள், அப்புறம் எங்களையும் எழுப்பி நடக்க வைத்தார்கள், அதன் பிறகு விலைச் சீட்டுத் தொங்கும் பெரிய அறை. இரண்டே கால் மணி நேரம். அடுத்து மதியச் சாப்பாடு, அதற்குப் பக்கத்திலேயே கம்பளக் கடை, பட்டுக்கூட்டிலிருந்து நூல் இழுப்பது, தறியில் முடிச்சுப் போடுவது, பிறகு ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பளத்தை உருட்டி விரித்துக்கொண்டே இருந்தார்கள். எபேசின் மேல்வாசலுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது மணி நான்கு. நவம்பர் மாதம், சீக்கிரம் மூடிவிடுவார்கள். எங்களுக்கு மிஞ்சியது ஐம்பது நிமிஷம்.

எபேசில் மேல்வாசலில் நுழைந்து பளிங்குத் தெரு வழியே கீழே இறங்கி வர வேண்டும். செல்சஸ் நூலகத்தின் முகப்பில் போட்டோ எடுத்தோம். அதற்குப் பக்கத்துச் சரிவில்தான் அடுக்கு வீடுகள், தனிச் சீட்டு வாங்கிப் போனால் ரோமானியக் காலத்துச் சுவரோவியமும் மொசைக் தரையும் இருந்த இடத்திலேயே பார்க்கலாம், அதற்கு நேரம் இல்லை. கடைசியில் அந்தப் பெரிய திறந்தவெளி அரங்கம், சுமார் 25,000 பேர் உட்காரக்கூடியது.

எங்கள் குழுவில் பணி ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் வந்திருந்தார், எழுபதைத் தாண்டியவர். பைபிளில் வரும் கதைதான், பவுலின் பிரசங்கத்தால் தன் பிழைப்புப் போய்விடும் என்று தட்டான் தெமேத்திரியு ஊரைக் கிளப்பிவிட, ஜனங்கள் ஆர்ப்பரித்துக்கொண்டு ஓடி நுழைந்தது இந்த அரங்கத்துக்குள்தான். சண்டே ஸ்கூலில் சின்ன வயதில் கேட்ட அந்தக் கதையைப் பிறகு நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அரங்கத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "பத்து நிமிஷம் மேலே ஏறி உட்கார்ந்துட்டு வரட்டுமா தம்பி?" என்று கேட்டார்.

"முடியாதுங்க டீச்சர், கேட்டை மூடப் போறாங்க" என்றேன்.

சரி என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். பஸ்ஸில் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அன்றைக்குக் குழுவில் இரண்டு பேர் தோல் கோட்டு வாங்கினார்கள், ஒருவர் சின்னக் கம்பளம் வாங்கினார். டீச்சர் எதுவும் வாங்கவில்லை. அவருடைய பத்து நிமிஷத்தை எடுத்து அந்தக் கடைகளுக்குக் கொடுத்தது நான்தான், அதுவும் அவரிடமே காசு வாங்கிக்கொண்டு.

கம்பளம் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துருக்கியின் பண்பாட்டைக் கம்பளத்தை விட்டுவிட்டுப் பேசவே முடியாது. மனிசா மாகாணத்து கோர்தெஸ் ஊரின் பெயரையே துருக்கிக் கம்பள முடிச்சுக்கு வைத்திருக்கிறார்கள், பாவு நூல் இரண்டையும் சுற்றி வருகிற இரட்டை முடிச்சு அது. இடுப்பில் கை வைத்த பெண் உருவம் அனத்தோலியா என்கிற துருக்கியின் ஆசியப் பகுதிக் கம்பளங்களில் திரும்பத் திரும்ப வரும். இஸ்தான்புல்லில் பழைய குதிரைப் பந்தயத் திடலை ஒட்டி இப்ராஹிம் பாஷா அரண்மனையில் துருக்கிய இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. கொன்யா நகரத்து அலாவுதீன் மசூதியில் கிடந்த, செல்ஜுக் சுல்தான்கள் காலத்து 13-ஆம் நூற்றாண்டுக் கம்பளங்கள் அங்கே உண்டு. குழுவை முதலில் அங்கே கூட்டிப் போய் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். அதன் பிறகு யாருக்காவது வாங்க ஆசை வந்தால் சாயங்காலம் தங்கள் சொந்த நேரத்தில் போகட்டும்.

பயணத் திட்டத்தில் கடை ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. "கைவினைப் பட்டறை", "பாரம்பரிய நெசவு செயல்விளக்கம்", "தோல் ஆடை அணிவகுப்பு" என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் ஒன்றரை மணி நேரம் போச்சு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆபரேட்டரிடம் எழுத்தில் கேளுங்கள்: எத்தனை கடை நிறுத்தம், எந்த நாள், எத்தனை நிமிஷம். கடையே வேண்டாம் என்றால் விலை எவ்வளவு கூடும், வழிகாட்டிக்கு அமைச்சகம் சொன்ன கூலி முழுதாகப் போகிறதா என்பதையும் எழுதி வாங்குங்கள். விலை கூடத்தான் செய்யும். "கடை இல்லை, அதனால் விலை கூட" என்று உங்கள் ஆட்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நான் அப்படிச் சொன்ன இரண்டாவது குழுவில் பதினொரு பேர்தான் சேர்ந்தார்கள். அவர்களோடு எபேசில் ஒரு பகல் முழுக்க இருந்தேன்.

வரைபடத்தில் பக்கத்தில் தெரிகிறது என்று நம்புவது

இஸ்தான்புல்லிலிருந்து கப்படோக்கியா 700 கிலோமீட்டருக்கு மேல். விமானத்தில் போங்கள், அல்லது அங்காராவில் இறங்கிப் போங்கள்.

அங்காராவைத் தாண்டிப் போவது

அங்காராவில் என்ன இருக்கிறது, வெறும் அரசாங்க ஆபீஸ்தானே என்று எல்லாரும் கேட்கிறார்கள். அனத்தோலிய நாகரிகங்களின் அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. சத்தால்ஹொயுக் என்ற கற்காலக் குடியிருப்பில் கிடைத்த, இரண்டு பக்கமும் விலங்குகள் நிற்க உட்கார்ந்திருக்கும் அந்தக் களிமண் பெண்ணுக்கு வயது சுமார் 8,000 வருஷம், கையளவுதான் இருப்பாள். ஹிட்டைட்டுகள் என்ற பண்டைய அரசினரின் கல் சிற்பங்களும் அங்கேதான். இதைப் பார்க்காதவர்களுக்குத் துருக்கி வரலாறு சுல்தான்களில் தொடங்கிச் சுல்தான்களிலேயே முடிந்துவிடும்.

குடியரசை நிறுவிய அதாதுர்க்கின் நினைவிடமான அனித்கபிரும் அங்கேதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள், பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிராமத்திலிருந்து வரும் குடும்பங்களைப் பார்க்கலாம். 1923-ல் குடியரசு, 1928-ல் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்து. எங்கள் வழிகாட்டி ஒரு பழைய கல்லறைக் கல்லைக் காட்டி, "இது என் மொழிதான், எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றார். குழுவில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. இஸ்தான்புல்லிலிருந்து அதிவேக ரயிலில் நாலரை மணி நேரத்தில் அங்காரா, ஓர் இரவு தங்கி, அங்கிருந்து கப்படோக்கியா நான்கு மணி நேரம். வழி கச்சிதமாக அமைந்துவிடும்.

கொன்யாவில் கைதட்டுவது

சுழலும் தர்வேஷ்கள் என்ற சூஃபி அடியார்களை ஓட்டல் மேடையில் இரவுச் சாப்பாட்டோடு பார்த்துவிட்டு வந்தால், அது நடனம் என்றுதான் குழுவினர் நினைப்பார்கள். அது செமா என்ற வழிபாடு, கைதட்டக் கூடாது. தலையில் இருக்கும் உயரமான கம்பளித் தொப்பி கல்லறைக் கல்லைக் குறிக்கிறது, கழற்றிப் போடும் கறுப்பு மேலாடை கல்லறையை. வலது கை மேலே பார்த்துத் திறந்திருக்கும், இடது கை மண்ணைப் பார்த்திருக்கும். கொன்யாவின் மெவ்லானா பண்பாட்டு மையத்தில் சனிக்கிழமை மாலைகளில் செமா நடக்கிறது, அந்த நாளுக்கு ஏற்ற மாதிரி திட்டத்தைத் திருப்பிப் போடுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. 1925-ல் தர்வேஷ் மடங்களையெல்லாம் சட்டம் போட்டு மூடினார்கள், மெவ்லானா என்று அழைக்கப்படும் சூஃபி கவிஞர் ரூமி அடங்கிய இடம் அருங்காட்சியகமானது, இருந்தும் வருகிறவர்களில் பலர் அங்கே கையேந்தி நின்று வேண்டிக்கொள்வதைப் பார்ப்பீர்கள். செருப்புச் சத்தமும் செல்ஃபியும் வேண்டாம் என்று பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள். ரூமி இறந்தது 1273 டிசம்பர் 17, அந்த நாளை அங்கே கல்யாண இரவு என்று கொண்டாடுகிறார்கள், அந்த வாரம் போவதென்றால் அறைகளை மாதக்கணக்கில் முன்னால் பிடிக்க வேண்டும்.

சைவம் என்று மட்டும் சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பது

கறித்துண்டு கண்ணில் படாவிட்டால் சைவம் என்று சில சமையலறைகளில் கொடுத்துவிடுவார்கள், சோறும் சூப்பும் எலும்புச் சாற்றில் வெந்திருக்கலாம். கேட்க வேண்டிய சொல் "ஸெய்தின்யாலி". ஆலிவ் எண்ணெயில் செய்து ஆறவைத்துப் பரிமாறும் காய்கறி வகைகள் அவை, பீன்ஸ், கூனைப்பூ, திராட்சை இலையில் சோறு சுற்றியது எல்லாம் உண்டு. கறி இல்லாத திராட்சை இலைச் சுருளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "யாலான்ஜி", பொய்க்காரன் என்று அர்த்தம். மதியத்துக்கு ஓட்டல் பஃபேயை விட்டுவிட்டு, கடைக்காரர்களும் தொழிலாளிகளும் சாப்பிடும் எஸ்னாஃப் லோகந்தாவுக்குக் கூட்டிப் போங்கள். அங்கே சமைத்ததெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் தட்டுத்தட்டாக இருக்கும், கையைக் காட்டிக் கேட்டு வாங்கலாம், எங்கள் குழுவில் நன்றாகச் சாப்பிட்டதாக எல்லாரும் சொன்னது அந்த மாதிரி ஒரு கடையைத்தான்.

இடிபாட்டில் கிடக்கும் ஓட்டுச்சில்லைப் பையில் போடுவது

துருக்கியில் அது தொல்பொருள் கடத்தல், விமான நிலையத்திலேயே பிடித்து வழக்குப் போடுவார்கள். கல்லோ காசோ சில்லோ எதையும் யாரும் எடுக்கவில்லை என்று கடைசி நாள் பஸ்ஸில் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்.