கைபேசியைக் கணினித் திரையில் இயக்குகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

கைபேசித் திரையை அப்படியே கணினியில் வரவழைத்து, மவுஸாலும் கீபோர்டாலும் இயக்குவது நல்ல வசதி. வாட்ஸ்அப்பில் நீளமாகப் பதில் எழுதலாம், வகுப்பில் ஒரு செயலியைப் பெரிய திரையில் காட்டலாம். ஆனால் சிங்கப்பூரில் சிங்பாஸ், பேநவ், மசேநிதிக் கணக்கு, சிடிசி பற்றுச்சீட்டு என எல்லாமே அந்த ஒரே போனில்தான் இருக்கின்றன. கணினியை இணைக்க எதைத் திறந்தோம், வேலை முடிந்ததும் அதை மூடினோமா என்று கவனிக்காமல் விடுவதுதான் இதில் பெரிய தவறு.

முதலில், எந்த போனுக்கு எது பொருந்தும் என்று பாருங்கள். ஐபோனை மேக் கணினியில் இயக்கும் வசதி 2024ல் ஐஓஎஸ் 18, மேக்ஓஎஸ் செக்கோயா ஆகியவற்றோடு வந்தது. இரண்டிலும் ஒரே ஆப்பிள் கணக்கு இருக்க வேண்டும். போன் பக்கத்திலேயே பூட்டிய நிலையில் இருக்க வேண்டும். விண்டோஸ் கணினியில் ஐபோன் திரையைக் காட்டும் மென்பொருள்கள் பெரும்பாலும் காட்டுவதோடு சரி. மவுஸால் முழுதாக இயக்கலாம் என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

ஆண்ட்ராய்டுக்கு விண்டோஸின் போன் லிங்க் இருக்கிறது. ஆனால் அதில் திரையைக் காட்டும் வசதி சாம்சங் போன்ற சில நிறுவனங்களின் குறிப்பிட்ட மாடல்களில் மட்டும்தான் உண்டு. மற்றவர்களுக்கு ஸ்கிரீன் காப்பி என்ற இலவச மென்பொருள் போதும். எஸ், சி, ஆர், சி, பி, ஒய் என்ற எழுத்துகளைத் தட்டித் தேடுங்கள். ஆண்ட்ராய்டு 5 முதல் வேலை செய்யும். போனில் தனியாக எந்தச் செயலியும் நிறுவத் தேவையில்லை. அதன் பெயரையே வைத்துக்கொண்டு வேறு சில தளங்களும் உலவுகின்றன. உருவாக்கியவர்கள் மென்பொருள்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் தங்கள் பக்கத்தில்தான் அதை வெளியிடுகிறார்கள், அங்கிருந்து மட்டும் இறக்குங்கள்.

அடுத்தது யூஎஸ்பி டிபக்கிங், அதாவது கேபிள் வழியாகக் கணினி போனுக்குக் கட்டளையிட விடும் வசதி. போன் அமைப்புகளில் இருக்கும் பில்ட் எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதற்குள் இருக்கும் இந்தச் சுவிட்சைப் போட்டால்தான் ஸ்கிரீன் காப்பி வேலை செய்யும். கேபிளைச் செருகியதும் இந்தக் கணினியை அனுமதிக்கலாமா என்று போன் கேட்கும். அதன் கீழே ‘எப்போதும் அனுமதி’ என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். பலர் யோசிக்காமல் அதையும் டிக் செய்துவிடுவார்கள். உங்கள் சொந்தக் கணினி என்றால் பரவாயில்லை. அலுவலக மடிக்கணினி, நண்பர் வீட்டுக் கணினி, கடையில் பழுதுபார்ப்பவரின் கணினி என்றால் செய்யவே கூடாது. டிபக்கிங் வழியாகத் திரையைப் பார்ப்பதோடு, செயலிகளை நிறுவவும் கோப்புகளை எடுக்கவும் முடியும். ஏற்கெனவே எங்கெங்கோ டிக் செய்திருந்தால், அதே டெவலப்பர் ஆப்ஷன்ஸில் டிபக்கிங் அனுமதிகளை ரத்துசெய்யும் வரி ஒன்று உண்டு. இன்றைக்கே அதைத் தட்டுங்கள். வேலை முடிந்ததும் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள்.

“திரை உடைந்தால் உதவுமே” என்று சிலர் அதை அணைக்காமலே வைத்திருப்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அதற்குப் படங்களையும் தொடர்புகளையும் ஒழுங்காக பேக்கப் எடுத்து வைப்பதே மேல். படம் தெரிகிறது, தொடுதல் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், போனில் யூஎஸ்பி சாதனங்களை இணைக்க உதவும் ஓடிஜி அடாப்டரில் ஒரு மவுஸைச் செருகினாலே பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களை இயக்கிவிடலாம்.

கேபிள் இல்லாமல் வைஃபை வழியாக இணைப்பவர்களுக்கு ஒன்று. பழைய முறையில் போனில் 5555 என்ற போர்ட், அதாவது பிற கணினிகள் இணையும் வாசல், திறக்கப்படும், போனை ரீஸ்டார்ட் செய்யும்வரை அது திறந்தே கிடக்கும். வீவக வீட்டில் அறை வாடகைக்கு எடுத்து, நாலைந்து பேர் ஒரே வைஃபையைப் பகிரும் இடத்தில் இது நல்லதல்ல. வேறொரு கணினி அனுமதி கேட்கும்போது தூக்கக் கலக்கத்தில் ‘சரி’ என்று தட்டிவிட்டால் போதும். ஆண்ட்ராய்டு 11 முதல் இணைப்புக் குறியீடு கேட்கும் வயர்லெஸ் டிபக்கிங் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். வயர்லெஸ்@எஸ்ஜி போன்ற பொது வைஃபையில் இந்த வேலையே வேண்டாம்.

வங்கிச் செயலியைத் திறந்தால் கணினியில் கறுப்பாகத் தெரிகிறதா? அது கோளாறு இல்லை. திரையைப் பிறர் பதிவு செய்யாதபடி செயலியே மறைக்கிறது. டிபக்கிங் போட்டிருந்தால் சில செயலிகள் திறக்கவே மறுக்கும். இதைத் தாண்ட யாரோ மாற்றியமைத்த ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) தேடிப் போகாதீர்கள். அப்படி வெளியிலிருந்து நிறுவிய செயலிகளால் பலர் இங்கே சேமிப்பை இழந்திருக்கிறார்கள். அதனால்தான் 2024 பிப்ரவரியில் இணையப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து, ஆபத்தான அனுமதிகள் கேட்கும் செயலிகளைத் தடுக்கும் முன்னோட்டத் திட்டத்தை கூகல் சிங்கப்பூரில் தொடங்கியது. வங்கி வேலையை போனிலேயே பாருங்கள்.

வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள். நம் போனை நம் கணினியில் பார்ப்பது வேறு, தொலைவில் இருக்கும் ஒருவர் நம் திரையைப் பார்ப்பது வேறு. வங்கியிலிருந்தோ காவல்துறையிலிருந்தோ பேசுவதாகச் சொல்லி, டீம்வியூவர், எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவச் சொன்னாலும், வாட்ஸ்அப்பில் திரையைப் பகிரச் சொன்னாலும் உடனே போனை வைத்துவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் ஸ்கேம்ஷீல்டின் 1799 எண்ணை அழைக்கலாம். ஏற்கெனவே நிறுவிவிட்டார் என்றால் முதலில் வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் துண்டியுங்கள், பிறகு வேறு போனிலிருந்து வங்கியை அழையுங்கள்.

வீட்டுக்கு ஒரே கணினி, எல்லாருக்கும் ஒரே விண்டோஸ் கணக்கு என்றால் போன் லிங்க் போடுவதற்கு முன் யோசியுங்கள். உங்கள் குறுஞ்செய்தி, கார்டு ஓடிபி எல்லாம் அந்தத் திரையில் வரும். ஸூம் கூட்டத்தில் போன் திரையைக் காட்டும்போதும் அப்படித்தான், டூ நாட் டிஸ்டர்ப் போட்ட பிறகே பகிருங்கள்.

சில சின்னத் தடங்கல்களும் உண்டு. கணினி போனைக் கண்டுபிடிக்கவே இல்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய இருக்கின்றன, அவற்றில் தரவு போகாது. ஷியோமி போனில் படம் தெரிந்தும் மவுஸ் வேலை செய்யவில்லை என்றால், டிபக்கிங்கின் பாதுகாப்பு அமைப்பு என்று தனியாக இன்னொரு சுவிட்ச் இருக்கும், அதையும் போட வேண்டும்.

அப்புறம், தமிழ் எழுத்து. ஸ்கிரீன் காப்பியில் வழக்கமான முறையில் கணினிக் கீபோர்டிலிருந்து ஆங்கில எழுத்துகள்தான் ஒழுங்காகப் போகும். தமிழில் தட்டினால் ஒன்றும் வராமல் போகலாம், பலரும் மென்பொருளே சரியில்லை என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கணினியிலேயே தமிழில் எழுதி, காப்பி செய்து, போன் திரைக்குள் கன்ட்ரோல்-வி அழுத்துங்கள். எழுத்து உடையாமல் அப்படியே ஒட்டும்.