பீக்கரில் ஒட்டிய படிகங்களை எதைக் கொண்டு கழுவுவது?

மறுபடிகமாக்கல் (சூடான கரைப்பானில் கரைத்து, குளிரவைத்துத் தூய படிகமாகப் பிரிப்பது) முடிந்து வடிகட்டும்போது, பீக்கரில் ஒட்டிக்கொண்டிருக்கும் படிகங்களைப் புதுத் தண்ணீர் விட்டு இறக்காதீர்கள். கீழே குடுவையில் வடிந்த கரைசலிலேயே கொஞ்சம் எடுத்து பீக்கரில் ஊற்றி, நன்றாகச் சுழற்றி, திரும்பப் புனலில் கொட்டுங்கள்.

வடிந்த கரைசல் அந்த வெப்பநிலையில் தெவிட்டிய கரைசல். அதனால் இன்னும் படிகத்தைக் கரைக்காது, தள்ளிக்கொண்டு மட்டும் வரும். புதுத் தண்ணீர் அப்படியில்லை: உதாரணத்துக்கு, 25 டிகிரி செல்சியஸில் 100 மி.லி. தண்ணீர் சுமார் 0.34 கிராம் பென்சாயிக் அமிலத்தைக் கரைத்துவிடும். 2 கிராமில் தொடங்கியவர் தாராளமாகக் கழுவினால் விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு வரை சிங்க்கில் போகலாம். விளைச்சல் குறைந்தால் எல்லோரும் முதலில் தராசைத்தான் சந்தேகப்படுகிறார்கள்!

புக்னர் புனல் (குழாய்த் தண்ணீரால் இயங்கும் பம்ப்பை வைத்து உறிஞ்சி வடிகட்டும் புனல்) என்றால், குடுவையிலிருந்து பம்ப்பின் ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டு அப்புறம் குழாய்த் தண்ணீரை மூடுங்கள். மாற்றிச் செய்தால் பம்ப்பின் தண்ணீர் உள்ளே ஏறிவிடும்.

வடிந்த கரைசலால் அலசுவது படிகங்களைப் புனலுக்குக் கொண்டுவருவதற்கு மட்டும்தான். மாசெல்லாம் அந்தக் கரைசலில்தான் இருக்கிறது. எனவே கடைசிக் கழுவலுக்குப் பனிக்கட்டியில் குளிரவைத்த புதுக் கரைப்பான், அதுவும் சில மி.லி. போதும். படிகமாகும் முன், நிற மாசை நீக்கக் கரி போட்டுச் சூடாக வடிகட்டும் கட்டத்துக்கு இந்த வழி ஒத்துவராது. அங்கே நமக்கு வேண்டிய பொருள் வடிநீரில் இருக்கிறது. பீக்கரையும் வடிதாளையும் கொஞ்சம் கொதிக்கும் கரைப்பானால்தான் அலச வேண்டும்.