டீக்கடையில் அரசியல் பேசிவிட்டு நண்பர்களாகவே வீடு திரும்புவது எப்படி?

சில டீக்கடைகளிலும் சலூன்களிலும் 'இங்கு அரசியல் பேசாதீர்கள்' என்று ஒரு போர்டு தொங்கும். அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் நாங்கள் நான்கு பேரும் பல வருடமாக அரசியல் பேசுகிறோம். ஒருநாள் சாயங்காலம், ஆட்டோ ஓட்டும் நண்பனைப் பார்த்து நான் "உங்க ஆளு என்னத்தக் கிழிச்சாரு?" என்று கேட்டுவிட்டேன். பாதி டீயைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு எழுந்து போனவன் மூன்று மாதம் கடைப்பக்கம் தலைகாட்டவில்லை. கீழே இருப்பதெல்லாம் அதற்கப்புறம் நான் கற்றுக்கொண்டது.

முதலில் அந்த 'உங்க ஆளு'வை விட்டுத் தொலையுங்கள். அவன் ஓட்டுதான் போட்டான், மந்திரிசபையில் உட்கார்ந்திருக்கவில்லை. 'உங்க ஆளு' என்று சொன்ன நொடியில் அந்தத் தலைவர் பிறந்ததிலிருந்து செய்த அத்தனைக்கும் அவன் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது, சொல்ல முடியாதபோது கோபம் வருகிறது. மந்திரி, கவுன்சிலர், எம்.எல்.ஏ. என்று பதவியைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், நம்மைவிட அவன்தான் அதிகமாகத் திட்டுவான். ஓட்டுப் போட்டு ஏமாந்தவன் அவன்தானே.

பேச்சைத் தெருவிலிருந்து ஆரம்பியுங்கள். குப்பை, கரண்ட், எரியாத விளக்கு இதிலெல்லாம் எடுத்ததுமே கட்சி வராது, நாம் இழுத்து வந்தால்தான் வரும். எங்கள் தெருமுனை விளக்குக்காக ஒரு வாரம் இந்த ஆட்சி, போன ஆட்சி என்று கத்தினோம். எங்களில் அதிகம் பேசாதவன் ஒருத்தன் எழுந்து போய்க் கம்பத்தில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு வந்து, சென்னை மாநகராட்சியின் 1913-க்குப் போன் போட்டு, பஜ்ஜி ஆறுவதற்குள் புகார் எண்ணை வாங்கிவிட்டான். மூன்றாம் நாள் விளக்கு எரிந்தது. சண்டை போட எங்களுக்கு ஒரு விஷயம் குறைந்துபோனது, அது வேறு கதை. கரண்ட் பிரச்சினைக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. ஊர்ப்பக்கம் இருப்பவர்களுக்கு முதல்வரின் உதவி எண் 1100 இருக்கிறது, திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாளும் இருக்கிறது.

ஸ்பீக்கர் விஷயம்தான் கத்திமேல் நடப்பது மாதிரி. ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது வரும் சத்தத்தைப் பற்றி ஒருத்தன் வாயைத் திறந்தால், அடுத்தவன் வேறொரு மதத்தின் ஸ்பீக்கரைக் கொண்டுவருவான், மூன்றாமவன் கட்சிக் கூட்டத்துக்குப் போவான், அவ்வளவுதான், அன்றைய டீ காலி. இங்கே 'யாருடைய ஸ்பீக்கர்' என்று கேட்காமல் 'மணி என்ன' என்று கேளுங்கள். 2000-ஆம் வருட ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. திருவிழா மாதிரி நாட்களில், வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் போகாமல், நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். இதில் சாமிக்கு ஒரு கணக்கு, கட்சிக்கு ஒரு கணக்கு என்று கிடையாது. கடிகாரத்தோடு யாரும் சண்டை போட மாட்டார்கள்.

எண்ணிக்கையில் தகராறு வந்தால் பந்தயம் கட்டுங்கள், தோற்றவன் டீக்காசு. தொகுதி மறுவரையறை பற்றிப் பேசும்போது ஒருத்தன் "நமக்கு எப்பவுமே 39 எம்.பி.தான்டா" என்று மேசையைத் தட்டினான். 1962 தேர்தலில் நமக்கு 41 இடம், 1967-இல்தான் 39 ஆனது. மாநிலங்களுக்கான இடக் கணக்கு இன்னும் 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்தே நிற்கிறது என்பதையும் அன்றைக்குத்தான் உருப்படியாகப் படித்தோம். நான்கு டீ, இரண்டு வடை அவன் கணக்கில். பந்தயத்துக்கு ஆதாரமாக வாட்ஸ்அப் ஃபார்வர்டை மட்டும் ஏற்காதீர்கள், அதுவும் இரட்டை அம்புக்குறி போட்டு வருவதை. பல கை மாறி வந்தது என்பதற்குத்தான் அந்தக் குறி, உண்மை என்பதற்கு இல்லை.

டம்ளர் காலியானதும் எழுந்துவிடுங்கள், இரண்டாவது டீயில்தான் குரல் ஏறும். விட்ட இடத்திலிருந்து ராத்திரி குரூப்பில் தொடரவே கூடாது. எழுத்தில் கிண்டல்கூடக் குத்தலாகத்தான் தெரியும்.

அதையும் மீறி ஒருத்தன் கோபித்துக்கொண்டு போய்விட்டால் நீளமாக மன்னிப்பு எழுதி அனுப்பாதீர்கள். நான் எழுதினேன், ப்ளூ டிக் வந்தது, பதில் வரவில்லை. கடைசியில் "டீ சொல்லிட்டேன், ஆறிடும், வாடா" என்று மட்டும் போனில் சொன்னேன். கால் மணி நேரத்தில் ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான். என்னைப் பார்க்காமல் கடைக்காரரிடம் கேட்டான்: "அண்ணே, அன்னைக்கு நான் பாதில வச்சிட்டுப் போன டீக்கு இவன் காசு குடுத்தானா?"