தினமும் ஒரு தொண்டு: உங்களுக்கானதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

"தினமும் ஏதாவது செய்யணும்னு ஆசைதான், எதைச் செய்யறதுன்னுதான் தெரியலை" என்று கேட்டுப் பாருங்கள். உடனே ஒரு நீளமான பட்டியல் வரும்: விடிகாலையில் எழு, தலைக்குக் குளி, இத்தனை பாராயணம் பண்ணு, இத்தனை சுற்று சுற்று. உற்சாகம் இருக்கும்வரை அது ஓடும். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் போதும், மொத்தமும் நின்றுவிடும்.

இதற்கு நான் கைகாட்டுவது பெரியபுராணத்தை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடியது. அதில் வரும் 63 நாயன்மார்களில், அதாவது சிவனடியார்களில், பலர் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு வேலையைத்தான். அதுவும் கைக்கு ஏற்கெனவே பழகிய வேலையை. ஆனாயர் மாடு மேய்ப்பவர், கையிலிருந்த குழலிலேயே 'நமசிவாய' என்ற ஐந்தெழுத்தை வாசித்தார். காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்டர் துணி வெளுப்பவர், அடியார்களின் துணியை வெளுத்துக் கொடுத்தார். நாகப்பட்டினத்து அதிபத்தர் மீனவர், வலையில் விழுந்ததில் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டார்.

புராணத்தில் கண்ணப்பர் கண்ணையே பெயர்த்து அப்புகிறார். குங்கிலியக் கலயர், நெல் வாங்கச் சொல்லி மனைவி கொடுத்த தாலிக்குக் கோயிலில் தூபம் போடும் குங்கிலியம் வாங்கி வருகிறார். அதையெல்லாம் படித்து உருகலாம், வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

படி 1: உங்களுக்கு எது வரும்?

சைவத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு நெறி சொல்வார்கள். சரியைக்கு அப்பர், கிரியைக்குச் சம்பந்தர், யோகத்துக்குச் சுந்தரர், ஞானத்துக்கு மாணிக்கவாசகர் என்று காட்டுவதும் வழக்கம். சாஸ்திர விளக்கத்துக்குள் போக வேண்டாம். ஆளுக்கு ஆள் வழி வேறுபடும் என்பதைப் பெரியவர்களே ஒத்துக்கொண்டார்கள், நமக்கு அது போதும்.

உங்களிடமே கேளுங்கள். சும்மா உட்காரச் சொன்னால் கால் துறுதுறுக்கிறதா? அப்படியானால் கை வேலைதான் உங்களுக்கு: கோலம் போடுவது, பூக் கட்டுவது, கோயிலைச் சுத்தம் செய்யும் உழவாரப் பணி. அப்பர் உழவாரப் படையோடு கோயில் கோயிலாகப் புல் செதுக்கியவர்; இன்றும் பல ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை உழவாரக் குழுக்கள் கூடுகின்றன, ஒரு துடைப்பத்தோடு போய் நின்றால் சேர்த்துக்கொள்வார்கள். பாட்டு வருமா? தேவாரத்தில் ஒரே ஒரு பாடல். பதிகம் முழுவதும் வேண்டாம், அது பெரும்பாலும் பத்துப் பதினொரு பாட்டு. யாருக்காவது சாப்பாடு போட்டால்தான் மனசு நிறைகிறதா? திங்களூரில் தண்ணீர்ப் பந்தல் வைத்த அப்பூதியடிகள் உங்கள் ஆள். வெயில் காலத்தில் வாசலில் ஒரு மண்பானைத் தண்ணீர் வைத்தாலே தொண்டுதான்.

கையில் காசில்லை, விடுதியில் விளக்கேற்ற விடமாட்டார்கள் என்றாலும் வழி இருக்கிறது. திருநின்றவூர் பூசலார் கோயில் கட்டப் பணம் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. அஸ்திவாரம் முதல் சிகரம் வரை மனத்துக்குள்ளேயே கட்டினார். பல்லவ மன்னர் காஞ்சியில் தன் கற்கோயிலுக்குக் குறித்த குடமுழுக்கு நாளும் இவர் குறித்த நாளும் ஒன்றாகிவிட, சிவன் மன்னர் கனவில் வந்து "உன் நாளைத் தள்ளிவை" என்றார் என்பது கதை. பேருந்தில் கண்ணை மூடிக்கொண்டு உங்கள் ஊர்க் கோயிலை வாசலில் தொடங்கிக் கருவறை வரை மனத்தால் சுற்றி வாருங்கள். இது மூன்று நிமிட வேலை.

படி 2: ஏற்கெனவே செய்கிற ஒன்றோடு கட்டிவிடுங்கள்

இதில் சாக்கிய நாயனாரை மிஞ்ச ஆளில்லை. பௌத்தத் துறவியின் உடையைக் களையாமலே சிவனை வழிபட்டவர். தினமும் லிங்கத்தின்மேல் ஒரு கல் எறிவார், அதுதான் பூசை. எறியாமல் சாப்பிடுவதில்லை என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. ஒருநாள் மறந்து உணவில் கை வைக்கப் போனவர், நினைவு வந்ததும் அப்படியே எழுந்து ஓடினார். சாப்பாட்டோடு கட்டியதால்தான் நினைவே வந்தது! நீங்களும் "நேரம் கிடைக்கும்போது" என்று விடாதீர்கள். காலைக் காபிக்கு முன், குளித்துத் தலை துவட்டியதும், அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும் என்று ஒன்றைக் குறியுங்கள்.

படி 3: செய்து பாருங்கள் (விளக்கை வைத்து ஓர் உதாரணம்)

எதுவும் தோன்றவில்லை என்றால் மாலை விளக்கில் தொடங்குங்கள். ஒரு மண் அகல், நல்லெண்ணெய், பஞ்சுத் திரி, தீப்பெட்டி, அடியில் வைக்க ஒரு சின்னத் தட்டு. புது அகலைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவையுங்கள், இல்லாவிட்டால் ஊற்றும் எண்ணெயை மண்ணே குடித்துவிடும். திரியை எண்ணெயில் முழுக்க நனைத்து, நுனியை மட்டும் விரலால் லேசாகப் பிழிந்து, விளிம்புக்கு வெளியே கொஞ்சம் நீட்டுங்கள். அதிகம் நீட்டினால் புகையும். திரைச்சீலை, காற்றாடி பக்கம் வேண்டாம்.

ஏற்றியதும் எழுந்து ஓடாமல் கொஞ்ச நேரம் சுடரைப் பார்த்து உட்காருங்கள். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். சொல்ல மந்திரம் தெரியாவிட்டால் சொல்ல வேண்டாம். வெளியே கிளம்பும்போதோ தூங்கப் போகும்போதோ எரியவிட்டுப் போகாதீர்கள். வாயால் ஊதி அணைப்பது நம் வீடுகளில் வழக்கமில்லை. ஒரு பூக்காம்பால் திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிட்டால் குளிர்ந்துவிடும்.

படி 4: விட்டுப்போனால்

மறுநாள் செய்யுங்கள். நேற்றைய கணக்கையும் சேர்த்து இன்று இரண்டு மடங்கு என்று போகாதீர்கள். வெளியூர்ப் பயணத்தில் விளக்குக்குப் பதில் பூசலார் வழி.

அடிக்கடி விட்டுப்போகிறதென்றால் நேரத்தை மாற்றிப் பாருங்கள். அப்படியும் ஓடவில்லையா, படி 1க்குத் திரும்பி வேறொன்றை எடுங்கள். இதில் குற்றவுணர்வுக்கு இடமில்லை, குழல் ஊதுபவரிடம் வலையைக் கொடுத்தால் அவர் மட்டும் என்ன செய்வார்?

படி 5: இரண்டாவதைச் சேர்ப்பது

அவசரம் வேண்டாம். யாரும் நினைவுபடுத்தாமல், தேதி பார்க்காமல், கை தானாகத் தீப்பெட்டியைத் தேடுகிற நாள் வரும். அப்போது வேண்டுமானால் விளக்கின் முன் ஒரு பாடலைச் சேருங்கள். பண்ணோடு பாட ஆசையிருந்தால், தேவாரம் பாடும் ஓதுவார் இருக்கிற கோயிலில் பூசை முடிந்ததும் அவரிடம் கேளுங்கள். "ஒரே ஒரு பாட்டு, மெதுவாகச் சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்பது தப்பில்லை.